பாட்டிலைக் கண்டாலே அலறும் குழந்தை: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, மகளுக்கு மூன்றரை மாதம். அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறேன். பிறந்த புதிதில் பாட்டிலில் குடித்தவள், இப்போது நிப்பிள் உதட்டில் பட்டாலே அலறுகிறாள்.

பதில்: பிறந்த புதிதில் வாயில் எது பட்டாலும் உறிஞ்சுவது அனிச்சைச் செயல். மூன்று, நான்கு மாதத்தில் அது மங்கி, குடிப்பதா வேண்டாமா என்று குழந்தையே முடிவெடுக்கத் தொடங்கும். அவள் மறுப்பது பாலை இல்லை, அது வரும் வழியை.

ஒரு மாதம் இருக்கிறது, அவசரம் வேண்டாம். பாட்டிலை நீங்கள் கொடுக்காதீர்கள். அப்பாவோ பாட்டியோ கொடுக்கட்டும், நீங்கள் வீட்டைவிட்டே வெளியே போய்விடுங்கள். பசித்து அழும்போது புதிதாக எதையும் கற்க மாட்டாள். தூங்கி எழுந்து, பசி லேசாக எட்டிப்பார்க்கும் நேரம்தான் சரி. ஏறக்குறைய நிமிர்த்தி உட்காரவைத்து, பாட்டிலைக் கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும். நிப்பிளால் மேலுதட்டைத் தொட்டுவிட்டுக் காத்திருங்கள். அவளாக வாயைத் திறந்து வாங்கட்டும், திணிக்காதீர்கள். சில மிடறுகளுக்கு ஒருமுறை பாட்டிலைத் தாழ்த்தி ஓய்வு கொடுங்கள். மார்பில் பால் ஒரே வேகத்தில் வருவதில்லை. அந்த இடைவெளிக்குப் பழகியவள் அவள். மெதுவாகச் சொட்டும் நிப்பிளே போதும். பத்து நிமிடத்துக்கு மேல் போராட வேண்டாம். அழுதால் அன்றைக்கு அவ்வளவுதான். முதல் சில நாள் 15 மில்லி எடுத்து வைத்தால் போதும், கொட்டினாலும் மனசு வலிக்காது. வெறுமனே நிப்பிளைக் கடித்து விளையாடினாலும் நல்ல அறிகுறியே.

கேள்வி: எந்த பிராண்ட் வாங்கலாம்?

பதில்: மார்பைப் போலவே இருக்கிறது என்பது விளம்பரம். மெதுவாகச் சொட்டும் ஒன்றை வாங்கிச் சில நாள் விடாமல் கொடுத்துப் பாருங்கள். நாளுக்கொரு நிப்பிள் மாற்றினால் எதற்கும் பழகாது.

கேள்வி: நேரடியாகக் குடிப்பவன், ஃப்ரீசரில் வைத்த பாலைத் துப்புகிறான். முகர்ந்தால் சோப்பு வாடை.

பதில்: நல்ல கேள்வி, பலர் கவனிக்காத விஷயம். தாய்ப்பாலில் கொழுப்பைச் செரிக்கவைக்கும் லைபேஸ் என்ற நொதி இருக்கிறது. சேமித்து வைத்த பாலிலும் அது தன் வேலையைத் தொடரும், அதனால்தான் அந்த வாடை. பால் கெட்டுப்போகவில்லை. அப்போதே எடுத்த பாலை அதே பாட்டிலில் கொடுத்துப் பாருங்கள். குடித்தால் பாட்டில் நிரபராதி. இனிமேல் எடுக்கும் பாலை, ஓரங்களில் சிறு குமிழி வரும்வரை மட்டும் சூடாக்கி (கொதிக்க விடாமல்), உடனே குளிரவைத்து ஃப்ரீசரில் வையுங்கள். அப்புறம் மைக்ரோவேவ் பக்கமே போகாதீர்கள், வாயைச் சுட்டுவிடும்.

கேள்வி: பட்டினி போட்டால் தானாகக் குடிக்கும் என்கிறார் மாமியார்.

பதில்: கூடாது. சில குழந்தைகள் பசியிலும் பிடிவாதமாக மறுப்பார்கள், உடலில் நீர்ச்சத்துதான் குறையும். பாட்டிலைப் பார்த்தாலே பயம் வேறு வந்துவிடும்.

கேள்வி: நிப்பிள் துளையை ஊசியால் பெரிதாக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். புரையேறும்.

கேள்வி: பாட்டிலே தேவையில்லாதது. உலக சுகாதார நிறுவனம் கோப்பையைத்தானே சொல்கிறது? நீங்கள் ஏன் பாட்டிலைப் பரப்புகிறீர்கள்?

பதில்: பரப்பவில்லை, வேலைக்குப் போகும் அம்மாவுக்குப் பதில் சொல்கிறேன். தாய்ப்பாலூட்டலுக்கு வழிகாட்ட அந்த நிறுவனமும் யுனிசெஃபும் 1989-இல் வெளியிட்ட பத்துப் படிகளில், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குச் செயற்கை நிப்பிளே கூடாது என்று இருந்தது உண்மை. 2018 திருத்தத்தில் அந்த ஒன்பதாம் படி, அவற்றின் பயன்பாட்டையும் ஆபத்தையும் பற்றித் தாய்க்கு ஆலோசனை சொல்லுங்கள் என்று மாறிவிட்டது.

கேள்வி: (அவரே) ஆபத்து என்று நீங்களே சொல்கிறீர்கள். கோப்பையைக் கழுவுவதும் சுலபம்.

பதில்: கழுவுவதில் உங்கள் கட்சிதான் நான். பாட்டிலில் மூலை முடுக்கு அதிகம். பாட்டிலை அடியோடு மறுக்கும் குழந்தைக்குச் சிறு கோப்பையைத்தான் நானும் சொல்வேன். நிமிர்த்தி உட்காரவைத்து, விளிம்பைக் கீழுதட்டில் வைத்துச் சாய்த்தால் குழந்தையே நக்கிக் குடிக்கும். வாய்க்குள் ஊற்றக் கூடாது. ஆனால் கொஞ்சம் சிந்தும், பார்த்துக்கொள்பவருக்குப் பழக்கம் வேண்டும். பகல் முழுக்க அதைச் செய்ய ஆள் இருக்கிறாரா என்பது அந்தந்த வீட்டுக்குத்தான் தெரியும். முடியாதவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள்.

கேள்வி: (இன்னொருவர்) இரண்டும் எதற்கு? ஐந்து மாதம் ஆகிறது, கஞ்சியைப் பாட்டிலில் ஊற்றலாமே!

பதில்: ஊற்றக் கூடாது. துளையைப் பெரிதாக்கத் தோன்றுவதே இதனால்தான்.

கேள்வி: எடுத்த பால் எவ்வளவு நேரம் தாங்கும்?

பதில்: 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள். குழந்தை வாய் வைத்த மீதியை 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: நான்கு மாதக் குழந்தை பாட்டிலை மறுக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதல் பதில்.

கேள்வி: பகலில் பாட்டிலில் 60 மில்லிதான் குடிக்கிறான். இரவெல்லாம் மார்பிலேயே இருக்கிறான்.

பதில்: பகல் பாக்கியை இரவில் வசூலிக்கிறான். எடை ஏறி, நாளுக்கு ஆறு டயப்பராவது நன்றாக நனைந்தால் கவலை இல்லை. உங்கள் தூக்கம்தான் போகும், வீட்டில் யாராவது காலையில் அவனைப் பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: மார்பிலும் குடிப்பதில்லை, காலையிலிருந்து ஒரு டயப்பர்தான் நனைந்தது, சோர்ந்து கிடக்கிறாள். வேறு நிப்பிள் மாற்றிப் பார்க்கவா?

பதில்: இது நிப்பிள் விஷயமே இல்லை. இப்போதே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.