மில்லை நாமே எடுத்து நடத்த முடியுமா?

கேள்வி: "மன்னார்குடிப் பக்கம் ஒரு அரிசி மில்லில் 18 வருடமாக பாய்லர் பார்க்கிறேன். மணிக்கு 2 டன் நெல் அரைக்கும் மில். நாங்கள் 31 பேர். அதில் 11 பேர் களத்தில் நெல் காயவைக்கும் பெண்கள். முதலாளிக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். தை அறுப்பு முடிந்ததும் மில்லை நிறுத்தப் போவதாகவும், முடிந்தால் நாங்களே சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். எங்களுக்குச் சேரவேண்டிய கிராஜுவிட்டியை விலையில் கழித்துக்கொள்ளலாமாம். இது நடக்கிற காரியமா? முதலாளி இல்லாத இடத்தில் யார் சொல்லை யார் கேட்பது?"

பதில்: நடக்கிற காரியம்தான். ஆனால் உங்கள் முதலாளி சொல்லும் வழியில் வேண்டாம். மில்லை வாங்காதீர்கள், குத்தகைக்கு எடுங்கள். கிராஜுவிட்டியை விலையில் கழிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். தொழில் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளை நெடுங்காலம் தணிக்கை செய்தவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். நான் பார்த்து நொடித்துப்போன சங்கங்களில் பெரும்பாலானவை சண்டையால் நொடிக்கவில்லை. கையில் இருந்த பணம் முழுவதையும் முதல் மாதமே கட்டிடத்திலும் இயந்திரத்திலும் போட்டுவிட்டு, சரக்கு வாங்கக் காசில்லாமல் நின்றுபோனவை. சண்டை அதற்கு அப்புறம் வந்தது.

உங்கள் மில்லையே கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 2 டன், நாளைக்கு 8 மணி நேரம் ஓடினால் 16 டன் நெல் வேண்டும். கிலோ ₹25 என்று வைத்தால் ஒரு நாள் நெல்லுக்கு ₹4 லட்சம். நெல்லை விற்பவர் கையில் காசு வைத்தால்தான் மூட்டையை இறக்குவார். அரிசிக் கடைக்காரரோ சரக்கை எடுத்துக்கொண்டு ஒரு மாதம் கழித்துத்தான் பணம் தருவார். மாதம் 25 நாள் மில் ஓடினால், முதல் ரூபாய் திரும்பி வருவதற்குள் ₹1 கோடி நெல்லாகவும் அரிசியாகவும் கடனாகவும் வெளியே நிற்கும். நீங்கள் 31 பேரும் ஆளுக்கு ₹20,000 பங்குப் பணம் போட்டால் மொத்தம் ₹6,20,000. அது ஒன்றரை நாள் நெல். உங்கள் முதலாளி இத்தனை நாளும் செய்த வேலை இந்த இடைவெளியை அடைத்ததுதான். அவர் பெயருக்கு வங்கி கொடுத்த கடன், நெல் வியாபாரிகள் அவர் முகத்துக்காகப் பொறுத்த நாட்கள், இரண்டும் மில்லோடு சேர்ந்து உங்கள் கைக்கு வராது.

மும்பையில் கமானி டியூப்ஸ் என்ற தாமிரக் குழாய்த் தொழிற்சாலை இருந்தது. 1985-ல் மூடப்பட்ட அந்த ஆலையைத் தொழிலாளர் கூட்டுறவே எடுத்து நடத்த 1988-ல் அனுமதி கிடைத்தது. தொழிலாளர்கள் தங்கள் வைப்பு நிதிப் பணத்தையும் போட்டு ஓட்டினார்கள். சில வருடங்கள் நன்றாகவே ஓடியது. அப்புறம் நடைமுறை மூலதனம், அதாவது சரக்கு வாங்கி அன்றாடம் ஓட்ட வேண்டிய பணம், இல்லாமல் இறங்கி, தொண்ணூறுகளில் நின்றது. குழாய் செய்யத் தெரியாமல் அவர்கள் தோற்கவில்லை.

அதனால் முதல் இரண்டு போகமாவது சொந்த நெல் வாங்காதீர்கள், கூலிக்கு அரையுங்கள். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் கொள்முதல் நிலையங்களில் எடுக்கும் நெல்லைத் தனியார் மில்களிடம் அரவைக்குக் கொடுக்கிறது. நெல் அவர்களுடையது, நீங்கள் அரவை முகவர். 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி திருப்பிக் கொடுக்க வேண்டும். குறைந்தால் நட்டம் உங்களுடையது. பிணைத்தொகை கேட்பார்கள், சார்டெக்ஸ் எனப்படும் நிறம் பிரிக்கும் இயந்திரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உங்கள் முதலாளி இப்போது அரவை முகவராக இருந்தால், அந்த உரிமை தானாக உங்கள் பெயருக்கு மாறாது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்குத் தை வரை காத்திருக்காதீர்கள். இதோடு அக்கம்பக்கத்து விவசாயிகளின் சாப்பாட்டு நெல்லையும், வியாபாரிகளின் நெல்லையும் கூலிக்கு அரைக்கலாம். அரவைக் கூலியும் தவிட்டுக் காசும் வாரச் சம்பளத்துக்கு ஆகும். உமி எப்படியும் பாய்லருக்கு. 100 கிலோ நெல்லில் சுமார் 20 கிலோ உமி என்பது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இப்போது கிராஜுவிட்டி. நீங்கள் கடைசியாக வாங்கும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து ₹13,000 என்று வையுங்கள். அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 18 வருடத்தால் பெருக்கினால் ₹1,35,000. இது முதலாளி உங்களுக்குக் காட்டும் தயவு அல்ல, சட்டப்படி அவர் வைத்திருக்கும் கடன். மில்லை மூடினால் இதற்கு மேல் வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் இழப்பீடும் உண்டு. இந்தப் பணம் பழைய இயந்திரமாக மாறிவிட்டால், நாளை மில் நின்றால் வேலையும் போய்ச் சேமிப்பும் போகும். இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றக்கூடாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். ஒப்பந்தத்தில் "தொழிலாளர்களின் பணி தொடர்ச்சியாகக் கருதப்படும்" என்று ஒரு வரி வரும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தொழில் கைமாறி, பணியும் விட்டுப்போகாமல் தொடர்ந்தால், பழைய வருடங்களின் கிராஜுவிட்டிப் பொறுப்பு புதிய நிர்வாகத்தின் தலையில் வந்து விழும், இழப்பீடு கேட்கும் உரிமையும் போகும். புதிய நிர்வாகம் யார்? நீங்கள்தான். உங்களுக்கு நீங்களே கடன்காரர் ஆகிவிடுவீர்கள். எனவே முதலில் பழைய கணக்கைத் தீர்த்துக் கையெழுத்து வாங்குங்கள், பிறகு குத்தகை எழுதுங்கள். ஒரே நாளில் செய்தாலும் இந்த வரிசையில் செய்யுங்கள். முதலாளியிடம் ரொக்கம் இல்லை என்றால், தரவேண்டிய தொகையைக் குத்தகைப் பணத்தில் மாதாமாதம் கழித்துக்கொள்வதாக எழுதலாம். அப்படி எழுதினால் உங்கள் பணம் இரும்பாக மாறாமல் பணமாகவே திரும்பும்.

குத்தகை எழுதும் முன் சார் பதிவாளர் அலுவலகத்தில் மில் நிலத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வங்கியில் அடமானம் இருந்தால் வங்கியின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் குத்தகை எழுதாதீர்கள். தவணை நின்றால் வங்கி மில்லை ஏலம் போட்டுவிடும், உங்கள் குத்தகைக் காகிதம் அப்போது உதவாது. தொழிற்சாலை உரிமம், பாய்லர் பதிவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு, உணவுப் பாதுகாப்பு உரிமம், மின் இணைப்பு, ஜிஎஸ்டி எல்லாவற்றையும் யார் பெயரில் வைப்பது என்று ஒரு நல்ல ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். சங்கம் என்பதால் பிஎஃப், இஎஸ்ஐ கட்ட வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மின்சாரத்தில் ஓடும் மில்லில் 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் பிஎஃப் உண்டு.

பதிவு என்று வந்தால் என் யோசனை தொழில் கூட்டுறவுச் சங்கம். 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் குறைந்தது 25 பேர் வேண்டும், நீங்கள் 31 பேர் இருக்கிறீர்கள். இதற்குப் போகவேண்டிய இடம் திருவாரூர் மாவட்டத் தொழில் மையம். கூட்டுறவு என்றதும் நம் ஊரில் நகைக்கடனும் உரமூட்டையும் தேர்தல் தகராறும்தான் நினைவுக்கு வரும். கூட்டுறவு சர்க்கரை ஆலை என்றால்கூட அதன் பங்குதாரர்கள் கரும்பு விவசாயிகள், உள்ளே வேலை பார்ப்பவர் வெறும் சம்பளக்காரர். நீங்கள் கேட்பது வேறு. வேலை செய்பவரே உறுப்பினர், உறுப்பினரே உடைமையாளர். நம் பக்கத்தில் இதற்கு நெருங்கிய உதாரணம் திருபுவனம் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், திகோ சில்க்ஸ். 1955 முதல் நடக்கிறது, நெய்கிறவர்களே உறுப்பினர்கள். ஒருநாள் போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.

எல்எல்பி என்ற கூட்டாண்மை வடிவமும் உண்டு. அதிகாரிகளின் தலையீடு குறைவு. ஆனால் அதில் ஆளுக்கு ஒரு ஓட்டு என்பதை உங்களுக்குள் எழுதும் ஒப்பந்தத்தில் நாளைக்கு மாற்றி எழுதிவிடலாம். கூட்டுறவில் அதை அப்படி மாற்ற முடியாது, சட்டத்திலேயே இருக்கிறது. யார் எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் ஒரு ஓட்டுதான். அதற்கு ஒரு விலையும் உண்டு. தேர்தலையும் தணிக்கையையும் அரசு அமைப்புகள் நடத்தும், நிர்வாகக் குழுவைக் கலைக்கும் அதிகாரமும் அரசிடம் இருக்கிறது. அந்த விலையைக் கொடுக்கலாம் என்றே நினைக்கிறேன்.

யார் சொல்லை யார் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு நெல் லாரி வந்து நிற்கிறது, நெல்லில் ஈரம் அதிகம், 19 சதவீதம் காட்டுகிறது. இறக்குவதா வேண்டாமா என்று 31 பேரை எழுப்பி ஓட்டெடுக்க முடியாது. அதை மேலாளர் முடிவு செய்ய வேண்டும், அந்த நேரத்தில் மற்றவர்கள் கேட்க வேண்டும். ஆனால் அந்த மேலாளரை வைப்பதும் எடுப்பதும் உங்கள் பேரவை, அதாவது உறுப்பினர்கள் எல்லோரும் கூடும் கூட்டம், தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழு. எவ்வளவு தொகை வரை அவர் தனியாக முடிவெடுக்கலாம் என்று ரூபாயில் எழுதிவையுங்கள். "முக்கியமான முடிவுகள்" என்று பொதுவாக எழுதினால் அதுவே தகராறுக்கு விதை. ஆள் எடுப்பது, சம்பளம் நிர்ணயிப்பது, புது இயந்திரம், கடன், குத்தகைப் புதுப்பிப்பு இவை எல்லாம் பேரவைக்கு. அப்புறம், மேலாளர் உங்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நெல் தரம் பார்த்து விலை பேசத் தெரிந்த உங்கள் கணக்குப்பிள்ளையோ, வெளியாளோ இருக்கலாம்.

வாரம் ஒரு தாள் ஒட்டுங்கள். எத்தனை மூட்டை வந்தது, எத்தனை சிப்பம் போனது, கையில் எவ்வளவு, யார் எவ்வளவு பாக்கி. எழுதப் படிக்கத் தெரியாதவர் இருந்தால் சத்தமாக வாசியுங்கள். நான் தணிக்கைக்குப் போன ஒரு சங்கத்தில் மூன்று வருடமாக நட்டம். அது செயலாளர் ஒருவருக்குத்தான் தெரியும். உறுப்பினர்கள் என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். அன்று அந்த அறையில் இருந்த முகங்களை மறக்க முடியவில்லை.

ஸ்பெயினில் பாஸ்க் பகுதியில் மோந்த்ராகோன் என்ற ஊர். அங்கே தொழிலாளர் கூட்டுறவுத் தொழிற்சாலை தொடங்கியது 1956-ல். அதைத் தூண்டிய பாதிரியார் அரிஸ்மெந்தியாரியெத்தா 1943-லேயே தொழிற்பயிற்சிப் பள்ளி தொடங்கிவிட்டார். பள்ளிக்கும் ஆலைக்கும் நடுவே 13 வருடம். உங்களுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. ஆனால் தை வரும்வரை வாரம் ஒரு மாலை, உங்களில் நான்கைந்து பேர் வரவு செலவு பார்க்கப் பழகுங்கள். அவர்களில் இரண்டு பேராவது களத்துப் பெண்களாக இருக்கட்டும்.

சம்பளத்துக்கும் அந்த ஊர் ஒரு வழி காட்டுகிறது. ஆரம்பத்தில் குறைந்த சம்பளத்துக்கு மூன்று மடங்கே உச்சச் சம்பளம் என்று வைத்தார்கள், பின்னாளில் சுமார் ஆறு மடங்கு வரை போனது. உங்களுக்கு மூன்று மடங்கே தாராளம். எல்லோருக்கும் ஒரே சம்பளம் என்று ஆரம்பிக்க ஆசை வரும். பாய்லர் சான்றிதழ் வைத்திருக்கும் உங்களையும் சார்டெக்ஸ் ஓட்டுபவரையும் பக்கத்து மில் அதிகம் கொடுத்து இழுத்துவிடும். லாபம் வந்தால் முழுவதையும் பிரிக்காமல், ஒரு பகுதியைச் சங்கத்தின் பொது நிதியாக வைத்து, ஒரு பகுதியை ஆளாளுக்குக் கணக்கில் எழுதி, விலகும்போது கொடுப்பதும் அங்கே உள்ள வழக்கம். இதைத் துணைவிதியில், அதாவது சங்கம் தனக்கென்று எழுதிக்கொள்ளும் விதிகளில், எப்படிக் கொண்டுவருவது என்று தொழில் மையத்தில் கேளுங்கள்.

கேரளத்தில் கண்ணூர் தினேஷ் பீடியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பீடித் தொழிலாளர் சட்டத்தை அமல்படுத்தியபோது, சட்டப்படி கொடுக்க மனமில்லாத முதலாளிகள் ஆலைகளை மூடினார்கள். வேலை போனவர்கள் 1969-ல் அரசு உதவியோடு தங்கள் கூட்டுறவைத் தொடங்கினார்கள். பீடி புகைப்பது குறைந்தபோது கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை, மசாலாப் பொடிக்கும் குடைக்கும் மாறினார்கள். சுற்றியவரே உறுப்பினர் என்பதுதான் அவர்கள் பலம்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். 31 பேர் என்று எழுதியிருக்கிறீர்களே, மூட்டை தூக்கும் வடமாநிலப் பையன்கள் அந்தக் கணக்கில் இருக்கிறார்களா? களத்துப் பெண்கள் உறுப்பினராகிறார்களா, அல்லது தினக்கூலியாகவே இருக்கப்போகிறார்களா? நிரந்தர ஆட்கள் 15 பேர் உறுப்பினர், மற்றவர்கள் கூலி என்று ஆரம்பித்தால் ஒரு முதலாளிக்குப் பதில் 15 முதலாளிகள். பங்கைச் சிறியதாக வையுங்கள். ₹20,000 முடியாதவர் ₹2,000 கட்டிச் சேரட்டும், மீதியை வாரச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம். புதிதாக வருபவர் ஒரு வருடம் வேலை பார்த்ததும் உறுப்பினராகலாம் என்று துணைவிதியிலேயே எழுதுங்கள்.

முதல் கூட்டத்தை இந்த மாதமே போடுங்கள். சாயங்காலம் வேண்டாம். பெண்கள் நெல்லைக் குவித்து மூடிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள், அப்புறம் ஆண்கள் மட்டும் உட்கார்ந்து முடிவெடுப்பீர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், களத்து ஓரத்திலேயே வையுங்கள். பங்குத் தொகை எவ்வளவு என்பதை அவர்களிடம் முதலில் கேளுங்கள்.