குறைந்த லாக்டேட், கூடுதல் தகுதியா?

கேள்வி: எனக்கு 62 வயது. மகனுக்கு 31, பேரனுக்கு 10. மூவரும் மைதானத்தில் 400 மீட்டரை முழு மூச்சாக ஓடினோம். ஐந்து நிமிடம் கழித்துப் பயிற்சியாளர் விரல் நுனியில் ரத்தம் எடுத்து லாக்டேட் அளவு பார்த்தார். மகனுக்கு 15, எனக்கு 9, பேரனுக்கு 7. ஆகவே மகனைவிட நானும் பேரனும்தான் நல்ல உடல்தகுதியோடு இருக்கிறோம் என்கிறேன். சரிதானே? மறுநாள் என் தொடைகள் வலித்ததற்கும் இதுதான் காரணமா?

பதில்: மகனைக் கேலி செய்வதைக் கொஞ்சம் ஒத்திப்போடுங்கள். யார் எத்தனை விநாடியில் ஓடினார்கள் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்களே!

ஓய்வாக இருக்கும்போது ரத்தத்தில் லாக்டேட் லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிமோல்தான் இருக்கும். உயிரைக் கொடுத்து ஓடும்போது வேகத் தசைநார்கள், அதாவது சட்டென்று வலுவாகச் சுருங்கும் தசை இழைகள், தசையில் சேமித்து வைத்த சர்க்கரையான கிளைக்கோஜனை அவசரமாகச் சிதைக்கின்றன. அதில் உருவாகும் லாக்டேட் ரத்தத்தில் கலக்கிறது. அது கழிவும் அல்ல. இதயமே அதை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். உங்கள் மகனின் 15, அவருடைய தசைகள் பலமாக உழைத்ததற்கான சான்று. தேர்ந்த 400 மீட்டர் வீரர்களுக்கு 20-ஐயும் தாண்டும்.

பேரனின் கதை வேறு. பருவமடையாத பிள்ளைகளுக்கு உடல் எடையோடு ஒப்பிட்டால் தசை குறைவு. வேகத் தசைநார்களை முழுமையாக முடுக்கிவிடவும் அவர்களால் முடிவதில்லை. 1970களில் ஸ்வீடனில் 11 முதல் 13 வயதுச் சிறுவர்களின் தொடைத் தசையைத் துளியளவு எடுத்துப் பார்த்தார்கள். கிளைக்கோஜன் சிதைவை முடுக்கும் பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் என்ற நொதியின் செயல்பாடு பெரியவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. போதாக்குறைக்கு, சிறுவர்களுக்கு லாக்டேட் சீக்கிரமே உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும். ஐந்தாவது நிமிடத்தில் ஊசி குத்தியபோது உச்சம் கடந்து போயிருக்கலாம்.

உங்களுடைய 9? பேரனுக்கு இன்னும் வந்து சேராதது உங்களிடமிருந்து கழன்றுகொண்டிருக்கிறது. வயது ஏறும்போது முதலில் மெலிவது வேகத் தசைநார்கள்தான். தொடர்ந்து எடைப்பயிற்சியும் வேக ஓட்டமும் செய்பவர்களிடம் இந்தத் தேய்மானம் மெதுவாக நடக்கிறது.

குறைந்த எண்ணைக் கொண்டாட ஓர் இடம் இருக்கிறது. ஒரே மிதமான வேகத்தில் இன்று ஓடி அளந்துவிட்டு, சில மாதப் பயிற்சிக்குப் பிறகு அதே வேகத்தில் மறுபடி அளங்கள். எண் இறங்கியிருந்தால் தாராளமாகப் பெருமைப்படலாம். அந்த வேகத்தில் மகனையும் கூடவே ஓடவிட்டால் அவருடைய எண்தான் உங்களுடையதைவிடக் குறைவாக வரும் என்பது என் ஊகம்.

தொடை வலிக்கு லாக்டேட்டைப் பழிக்க வேண்டாம். ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் அது பெரும்பாலும் வடிந்துவிடும். பழக்கமில்லாத வேகத்தில் தசைநார்களில் ஏற்பட்ட நுண்ணிய சிதைவுதான் மறுநாள் வலித்தது. இரண்டு மூன்று நாளில் சரியாகும். ஆனால் 62 வயதில் அடுத்த முழுவேக ஓட்டத்துக்கு முன் மருத்துவரிடம் இதயத்தைக் காட்டிவிடுங்கள். கூடவே ஒரு ஸ்டாப்வாட்சும் எடுத்துச் செல்லுங்கள்.