'டிரை' என்றால் எது இல்லை?

கேள்வி: 'டிரை' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'உலர்ந்த' என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். இப்போது டிரை ஐஸ், டிரை கிளீனிங், டிரை காஃப் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் துளைக்கிறாள். எப்படி விளக்குவது?

பதில்:

இந்தச் சொல்லை நான் கற்றது மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், பால் நிறுக்கும் ஸ்டோர் வாசலில். அம்மா மரம் சீவினார். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார். வெயில் ஏறியதும், மரத்தில் கட்டிய மங்குகளில், அதாவது கிண்ணங்களில், சேர்ந்த ரப்பர் பாலை வாளிகளில் ஊற்றி, தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவருவார். பள்ளி விடுமுறை நாட்களில் நானும் பின்னாலேயே ஓடுவேன்.

தோட்டத்துக் கணக்கரான கிராணி பாலை நிறுப்பார். கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் கலந்து, மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை அதில் விடுவார். அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குனிந்து பார்த்து, அம்மாவின் பெயருக்கு நேரே 'டிரை' இவ்வளவு என்று எழுதுவார். வாளியில் பால் தளும்பிக்கொண்டிருக்கிறது, இவர் காய்ந்தது என்று எழுதுகிறாரே என்று விழிப்பேன். அம்மாதான் விளக்கினார்: "பாலில் இருக்கிற தண்ணீரை எல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுகிற ரப்பர் எவ்வளவோ, அதுதான் டிரை." மரத்திலிருந்து இறக்கிய பாலில் அது ஏறக்குறைய 30 முதல் 40 சதவீதம் இருக்கும். 20 கிலோ பால், 30 சதவீதம் என்றால் 6 கிலோ. கணக்கு அந்த 6 கிலோவுக்குத்தான். மங்கில் மழைநீர் விழுந்த நாளில் வாளி கனக்கும், டிரை இறங்கிவிடும். அன்று அம்மா அதிகம் பேசமாட்டார்.

அதே தோட்டத்தில் சில மரங்களையும் 'டிரை' என்றார்கள். இலை பச்சையாக இருக்கும், கிளை தழைத்திருக்கும். பட்டையைச் சீவினால் மட்டும் பால் வராது. மரம் சாகவில்லை, பால் வற்றிவிட்டது. கறவை நின்ற பசுவையும் ஆங்கிலத்தில் 'டிரை கௌ' என்பார்கள். அதைக் காய்ந்த மாடு என்று மொழிபெயர்த்தால் எலும்பும் தோலுமான ஒரு மாடுதான் கண்முன் வரும். நாம் சொல்வது பால் வற்றிய மாடு.

ஆகவே மகளிடம் 'உலர்ந்த' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'டிரை' என்று எங்கே பார்த்தாலும் "இங்கே எது இல்லை?" என்று கேட்கச் சொல்லுங்கள். டிரை ஐஸ் என்பது கரியமில வாயு உறைந்த கட்டி. மைனஸ் 78.5 டிகிரியில் உருகாமல் நேரே ஆவியாகிவிடும். அங்கே இல்லாதது ஈரம். டிரை கிளீனிங்கில் துணி நன்றாகவே நனைகிறது, ஆனால் வேறொரு ரசாயனத் திரவத்தில். அங்கே இல்லாதது தண்ணீர். டிரை ஒயினில் இல்லாதது இனிப்பு. மதுவிலக்கு உள்ள குஜராத்தை 'டிரை ஸ்டேட்' என்கிறார்கள், மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முகத்தில் சிரிப்பே காட்டாமல் சொல்லும் வேடிக்கை டிரை ஹியூமர். டார்ச் லைட்டில் போடும் டிரை செல்லுக்குள் ஈரப்பசை உண்டு, முழுக்கக் காய்ந்தால் அது வேலை செய்யாது. அங்கே இல்லாதது, கவிழ்த்தால் கொட்டும் திரவம்.

தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் இருப்பதால்தான் நமக்கு இந்தக் குழப்பம் என்று நினைக்கிறேன். துணி காய்கிறது, குளம் வற்றுகிறது, நிலம் வறள்கிறது, திராட்சை உலர்கிறது. இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள், காது ஒப்புக்கொள்ளாது. காய்ந்த பொருளுக்குப் புதுப் பெயரே வைத்துவிடுகிறோம்: இஞ்சி காய்ந்தால் சுக்கு, மீன் காய்ந்தால் கருவாடு, தேங்காய் காய்ந்தால் கொப்பரை, இலை காய்ந்தால் சருகு. இவற்றில் பெரும்பாலானவற்றை ஆங்கிலம் ஒரே பெயரடையால் சமாளிக்கிறது. உங்கள் மகளைச் சமையலறைக்கு அழைத்துப்போய்ச் சுக்கையும் கருவாட்டையும் கையில் கொடுத்துப் பெயர் சொல்லச் சொல்லுங்கள். தன் மொழி எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்கிறது என்று அந்த வயதிலேயே தெரிந்துகொள்வது பெரிய செல்வம்.

டிரை காஃபைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. எனக்குப் பதினைந்து வயது இருக்கும்போது அம்மாவைக் காய்ச்சலும் இருமலுமாக ஒரு கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, இடையில் நின்று நான்தான் மொழிபெயர்த்தேன். "டிரை காஃபா?" என்று கேட்டார். நான் அம்மாவிடம், "தொண்டை காய்கிறதா?" என்று கேட்டேன். காய்ச்சலில் யாருக்குத்தான் காயாது? "ஆமாம்" என்றார். வறட்டு இருமலை அடக்கும் மருந்து எழுதிக் கொடுத்தார்கள். அம்மாவுக்கோ நெஞ்சு முழுக்கச் சளி. இரண்டு இரவு மூச்சுத் திணறி உட்கார்ந்தே கழித்தார். மறுபடி போய்ச் சொன்ன பிறகுதான் மருந்தை மாற்றினார்கள். டாக்டர் கேட்டது சளி இல்லாத இருமலா என்று. 'டிரை' எனக்குத் தெரிந்த சொல் என்று நினைத்ததால்தான் நான் திருப்பிக் கேட்கவில்லை.

அம்மா இப்போது என்னுடன்தான் இருக்கிறார். லேசாக இருமினாலும் முதலில் நான் கேட்பது, "சளி வருகிறதா அம்மா?"