தீவாளி நோம்பி கழிச்சு அனுப்பலாங்களா?

கொரோனாவால் மூடிக் கிடந்த பள்ளி, 2021 நவம்பர் 1 முதல் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை திறக்கிறது என்று அரசு அறிவித்த நாளிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி இதே பேச்சுத்தான். முடி கொட்டுவது, மருமகள் மதிக்காதது எல்லாம் அடுத்த இதழுக்குப் போகட்டும், இந்த முறை பள்ளிக்கூடக் கேள்விகள் மட்டும். கோபி பக்கம் தொடக்கப் பள்ளிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் சாக்பீஸ் பிடித்தவள் நான், டாக்டர் இல்லை. நோய் சம்பந்தமாக நான் சொல்வதை உங்கள் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

*அக்கா, பையன் ரெண்டாவது, பொண்ணு ஏழாவது. நாங்க ரெண்டு பேரும் பனியன் கம்பெனிக்குப் போறோம், ஊட்டுக்காரர் கட்டிங், நான் செக்கிங். மே மாசம் மாமனாரைக் கொரோனாவுக்குப் பறிகொடுத்தோம். படுக்கை கிடைக்காம ஒரு ராத்திரி முழுக்க ஆம்புலன்ஸ்லயே வெச்சிருந்தோம். அதுல இருந்து ஊட்டுக்காரர், "பள்ளிக்கூடம்னு பேச்சே எடுக்காதே, அம்மாவுக்கு சக்கரை இருக்கு, ஆன்லைன்லயே படிக்கட்டும்"ங்கறார். பையன் அவன் ஆத்தா, அதான் எங்க மாமியார்கூடத்தான் படுத்துத் தூங்குவான். எனக்கு அவன் படிப்பு வீணாப்போகுதேன்னு இருக்கு. போன வாரம் சண்டை முத்தி ரெண்டு நாள் பேசிக்கலை. தீவாளி நோம்பி கழிச்சாவது அனுப்பலாங்களா? யார் சொல்றது சரிங்க்கா?*
– பெயர் வேண்டாம், அவிநாசி

அம்மிணி, உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவதில் தப்பே இல்லை. மே கடைசியில் கோவையின் ஒருநாள் தொற்று சென்னையையே தாண்டியது, திருப்பூரும் ஈரோடும் கூடவே ஏறின. அந்த நாளில் அப்பாவை ஆம்புலன்ஸில் வைத்துக்கொண்டு விடிய விடிய நின்ற மனுஷனிடம் போய், பள்ளி திறந்தாச்சு, எல்லாரும் அனுப்புகிறார்கள் என்றால் அவர் காதில் ஏறாது. எனக்கும் ஏறியிருக்காது.

ஆனால் ஒன்றை அவரோடு உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். அவர் கட்டிங் டேபிளில் எத்தனை பேரோடு நிற்கிறார், நீங்கள் செக்கிங்கில் எத்தனை பேரோடு உட்காருகிறீர்கள், போனஸ் நேரம் என்பதால் ஒன்றரை ஷிப்ட் வேறு ஓடிக்கொண்டிருக்கும், ஞாயிற்றுக்கிழமை ஆனால் புதுத்துணி எடுக்கக் கடைவீதியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடந்திருப்பீர்கள். கிருமி நுழைய உங்கள் வீட்டில் ஏற்கெனவே ரெண்டு வாசல் திறந்து கிடக்கிறது, பையன் பள்ளிக்குப் போனால் அது மூன்றாவது. மூன்றாவதை மட்டும் பூட்டி வைத்துவிட்டு மாமியார் பத்திரமாக இருக்கிறார் என்று நினைத்தால் எப்படி?

மாமியார் ஊசி போட்டாரா? கடிதம் முழுக்கத் தேடினேன், அந்த ஒரு வரி இல்லை. செப்டம்பர் 12லிருந்து மெகா தடுப்பூசி முகாம் நடக்கிறது, நம் பக்கத்து ஊர்களில் பள்ளிக்கூடத்திலேயே போடுகிறார்கள், இருந்தும் "எனக்கெதுக்குச் சாமி, போட்டா காய்ச்சல் வருது" என்று திண்ணையை விட்டு இறங்காத பெரியவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். கோவிஷீல்டு என்றால் முதல் ஊசிக்கும் ரெண்டாவதுக்கும் 84 நாள், கோவாக்சின் என்றால் 28 நாள். இன்னும் போடவில்லை என்றால் நாளைக்கே கூட்டிப் போங்கள். ரெண்டாவது ஊசி போட்டு ரெண்டு வாரம் ஆகும்வரை பையன் உங்களோடு படுக்கட்டும். அழுவான், ஆத்தாவும் அழுவார். வேறு வழியில்லை.

இப்போது பையன். அவன் ரெண்டாவது படிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதாவது யூ.கே.ஜி. முடிக்கும் முன்பே 2020 மார்ச்சில் பள்ளி மூடியது, ஒன்றாம் வகுப்பு முழுசும் போனில் போனது, இப்போது ரெண்டாம் வகுப்பிலும் பாதி முடிந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பு பெஞ்சில் உட்காராமலே ரெண்டாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளை அவன்.

எங்கள் பக்கத்து வீட்டிலும் அப்படி ஒருவன் இருக்கிறான். போன மாதம் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வரச் சொல்லி வாசிக்கச் சொன்னேன். கடகடவென்று பாட்டு மாதிரி ஒப்பித்தான், அவன் அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. எனக்கு என்னமோ சந்தேகம், விரலைப் பார்த்தேன், வாய் மூன்றாவது வரியில் இருக்கிறது, விரல் முதல் வரியிலேயே நிற்கிறது. முதல் வார்த்தையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு அடுத்த வார்த்தை என்ன கண்ணு என்று கேட்டேன். மறுபடி முதலிலிருந்து ஒப்பிக்க ஆரம்பித்தான். அவனுக்கு எழுத்து தெரியவில்லை, சத்தம் மட்டும் மனப்பாடம். பென்சிலைக் குழம்புக் கரண்டி பிடிப்பது போல் ஐந்து விரலாலும் பிடிக்கிறான். இத்தனைக்கும் தினமும் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் போயிருக்கிறது, டீச்சரும் ஸ்டார் போட்டு அனுப்பியிருக்கிறார். புள்ளி வைத்துக் கொடுத்து, கையைப் பிடித்து எழுத வைத்து, போட்டோ எடுத்து அனுப்பியதெல்லாம் அம்மாதான். அந்த டீச்சரைக் குறை சொல்லமாட்டேன். ஒரு பிள்ளையின் விரல் எந்த வரியில் நிற்கிறது என்பதை நான் குனிந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தேன், போனுக்குள் இருந்து அவர் எப்படிப் பார்ப்பார்?

இன்னொன்று, பொண்ணைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவே இல்லை. ரெண்டு பேரும் கம்பெனிக்குப் போய்விட்டால் பையனுக்கு போனை எடுத்து லிங்க்கை அமுக்கி, பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டைத் திருப்பிக் கொடுப்பது யார்? சக்கரை இருக்கிற ஆத்தாவா? அந்த ஏழாம் வகுப்புப் பொண்ணாகத்தான் இருக்கும். அவள் வகுப்பும் அதே போனில்தான் என்றால் யார் வகுப்பு போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆன்லைனே போதும் என்கிற உங்கள் வீட்டுக்காரரை ஒரு நாள் லீவு போட்டு ரெண்டு பிள்ளைகள் பக்கத்திலும் காலையிலிருந்து உட்காரச் சொல்லுங்கள். ஒரு நாள் போதும்.

அனுப்பத்தான் வேண்டும் என்பது என் பக்கம். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பச் சொல்லவில்லை, சண்டையை நிறுத்திவிட்டு ரெண்டு பேருமாகப் பள்ளிக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். ஜன்னல் திறக்கிறதா, வெறுமனே ஆணியடித்து வைத்திருக்கிறார்களா? சுழற்சி முறையில் ஒரு நாளைக்கு எத்தனை பேர்? டீச்சர்கள், ஆயா, டிரைவர் எல்லாரும் ஊசி போட்டாச்சா? சாப்பாடு எங்கே? மாஸ்க் கழற்றுகிற ஒரே நேரம் அதுதான், மரத்தடியோ வராண்டாவோ என்றால் நல்லது. எல்லாவற்றையும் விட வேனைப் பாருங்கள். வகுப்பில் இடைவெளி விட்டு உட்கார வைத்துவிட்டு, வேனில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பதினாறு பிள்ளைகளை அடைத்துக் கொண்டுவந்தால் என்ன பிரயோசனம்? முடிந்தால் டூவீலரில் நீங்களே விட்டுவிடுங்கள்.

நோம்பி கழித்து என்கிறீர்களே, பள்ளி திறக்கிற திங்கட்கிழமையே அனுப்பு என்பேன் நான். தீவாளி வியாழக்கிழமை, அதனால் அந்த மூன்று நாளில் பாடம் ஒன்றும் பெரிதாக நடக்காது என்று பலரும் சொல்கிறார்கள். பாடம் நடக்காத மூன்று நாள்தான் உங்கள் பையனுக்கு வேண்டும். பாத்ரூம் எங்கே இருக்கிறது, பக்கத்தில் யார், டீச்சர் சத்தம் போட்டால் எப்படி இருக்கும், இதெல்லாம் பழகட்டும். கூட்டமும் ஒறம்பரைச் சொந்தமும் நோம்பிக்குத்தான் வரும், அதற்கப்புறம் வீட்டில் யாருக்காவது காய்ச்சல், சளி என்றால் பிள்ளைகளை நிறுத்திக்கொள்ளுங்கள். கட்டாயம் வரவேண்டும் என்று அரசு சொல்லவில்லை, ஆன்லைனும் தொடரும் என்றிருக்கிறார்கள், அதனால் ஒரு வாரம் நின்றால் ஒன்றும் ஆகிவிடாது.

பிள்ளைகளுக்குத் தொற்று வந்தால் பெரும்பாலும் லேசாகத்தான் போகிறது. அபூர்வமாகச் சிலருக்கு, வந்துபோன ரெண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் விடாத காய்ச்சல், கண் சிவப்பு, உடம்பில் தடிப்பு, வயிற்றுவலி என்று மறுபடி கிளம்பும். அப்போது மெடிக்கலில் மாத்திரை வாங்கிக்கொண்டு இருக்காமல் நேரே குழந்தை டாக்டரிடம் போய்விட வேண்டும்.

*வகுப்பு நேரத்தில் போன் கேமராவை விட்டத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு இன்னொரு போனில் கேம் ஆடுகிறான் ஆறாம் வகுப்பு மகன். என்ன செய்ய?*
– ஒரு தந்தை, பெருந்துறை

இன்னொரு போனை வாங்கிக் கொடுத்தது யாருங்க? பாவம் அந்த டீச்சர், ஒன்றரை வருஷமாக நாற்பது வீட்டு ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே பாடம் எடுக்கிறார். எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு முப்பதிலிருந்து நாற்பத்தைந்து நிமிஷம் வீதம் ரெண்டு வகுப்புக்கு மேல் ஆன்லைனில் வேண்டாம் என்று 2020 ஜூலையிலேயே மத்திய அரசு வழிகாட்டுதல் கொடுத்தது. காசு வாங்கியாயிற்று, கணக்குக் காட்ட வேண்டுமே என்று காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை ஓட்டுகிற பள்ளிகளும் இருக்கின்றன. நாலு மணி நேரம் பெரியவர்களே ஜூமில் உட்காரமாட்டார்கள், பையனைத் திட்டிப் புண்ணியமில்லை. திங்கட்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பட்டும்.

*எல்லாரும் பள்ளி திறக்கவில்லை என்று புலம்புகிறீர்கள். என் மகள் எட்டாவது. கொஞ்சம் திக்கிப் பேசுவாள். பள்ளியில் கேலி செய்து செய்து தினமும் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வாள். ஆன்லைன் வந்ததிலிருந்து வயிற்றுவலி இல்லை, சாட்டில் பதில் எழுதுகிறாள், மார்க்கும் ஏறியிருக்கிறது. நான் ஏன் அனுப்பணும்?*
– ஒரு தாய், கோயம்புத்தூர்

உங்கள் கடிதத்தை ரெண்டு தடவை படித்தேன். போன இதழில் "ஆன்லைன் படிப்பு ஒரு படிப்பா" என்று நான் எழுதியிருந்தேன், அந்த வரியை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பதில் தெரிந்தும் வாய் திறக்கப் பயந்து உட்கார்ந்திருந்த பிள்ளைகள் என் வகுப்பிலும் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேரை மந்தம் என்று நான் நினைத்தேனோ. இப்போதைக்கு உங்கள் மகள் வீட்டிலிருந்தே படிக்கட்டும், அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் ஒன்பதாவது, பத்தாவது வரும்போது அந்த வாசலைத் தாண்டித்தானே ஆகவேண்டும்? அதற்குள் ரெண்டு வேலை: ஒரு பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள், அப்புறம் வகுப்பு ஆசிரியரைத் தனியாகப் பார்த்து, யார் கேலி செய்தார்கள், என்ன சொன்னார்கள் என்று பெயரோடு சொல்லுங்கள். அவளிடம் வாசிக்கச் சொல்லி எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தவேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சாட்டில் எழுதினாளே, நோட்டில் எழுதிக் காட்டட்டும்.

*பவுடர் கம்பெனி சம்பளம் பாதியாப் போச்சுங்க. மகளை இங்கிலீஷ் மீடியத்துல இருந்து எடுத்து ஊர் அரசுப் பள்ளியில ஆறாவது சேர்க்கலாம்னு இருக்கோம். பாக்கி ஃபீஸ் கட்டினாத்தான் டி.சி.ங்கறாங்க. ஒறம்பரை சனமெல்லாம் ஒரு மாதிரியாப் பேசறாங்க.*
– வாசகர், காங்கேயம்

கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவை அரசுப் பள்ளியில் காட்டுங்கள். எட்டாம் வகுப்பு வரை டி.சி. வரத் தாமதமாகிறது என்பதைச் சொல்லி இன்னொரு அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. தலைமையாசிரியரிடம் போய்ப் பேசுங்கள், குழப்பம் என்றால் 14417க்குப் போன் செய்யுங்கள், அது பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். பாக்கியை ஒரேயடியாகக் கட்ட வேண்டுமென்பதும் இல்லை, வருமானம் பாதிக்கப்பட்டவர்களிடம் 75 சதவீதத்தைத் தவணையில் வாங்கச் சொல்லி உயர் நீதிமன்றம் 2021 ஜூலையில் உத்தரவு போட்டது. ஒறம்பரைக்கு ஒரு பதில் தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள்: ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவத்தில் 7.5 சதவீத ஒதுக்கீடு, 2021ல் பொறியியலுக்கும் வேளாண்மைக்கும் சட்டத்துக்கும் அதை நீட்டியிருக்கிறார்கள். அடுத்த விசேஷத்தில் அவர்களே உங்களிடம் விசாரிப்பார்கள், பாருங்கள்.

*ஒன்பதாவது படிக்கிற பையன் பனியன் கம்பெனியில நூல் பிசிறு வெட்டப் போயிட்டு இருக்கான். வாரச் சம்பளம் கையில வருது. செப்டம்பர்ல பள்ளி திறந்தும் போகமாட்டேங்கறான். அவங்கப்பாவும் "விடு, தொழில் கத்துக்கட்டும்"ங்கறார்.*
– ஒரு தாய், பல்லடம்

அப்பாவிடம் முதலில் பேசுங்கள், பையன் அப்புறம். பிசிறு வெட்டுவது தொழில் இல்லீங்க, கத்திரிக்கோல் பிடிக்கத் தெரிந்தால் முதல் நாளே வந்துவிடும், பத்து வருஷம் கழித்தும் அதே கத்திரிக்கோல்தான். டெய்லர், கட்டிங் மாஸ்டர், பேட்டர்ன் என்று மேலே போகிறவர்கள்கூட இப்போது பத்தாவதாவது இருக்கிறதா என்று கேட்கப்படுகிறார்கள்.

பையன் ஏன் போகவில்லை? சம்பளம் ஒரு காரணம், எனக்குத் தோன்றுவது வேறு. ரெண்டு வருஷம் கணக்குப் புத்தகத்தைத் திறக்காதவன் அல்ஜீப்ரா நடக்கிற வகுப்பில் போய் உட்காரக் கூச்சப்படுகிறான். போதாததற்கு ரெண்டு வருஷமாகப் பத்தாவதில் பரீட்சையே இல்லாமல் எல்லாரும் பாஸ் ஆனதைப் பார்த்திருக்கிறான், எப்படியும் பாஸ் போடுவார்கள் என்று நினைப்பு. அடுத்த வருஷமும் அப்படி இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வகுப்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள், அவர் ஒரு தடவை வீட்டுக்கு வந்து கூப்பிட்டால் நீங்கள் பத்துத் தடவை திட்டுவதை விட வேலை செய்யும். அவன் 14 வயது நிறையாதவன் என்றால் அவனை வேலைக்கு வைத்திருப்பதே குற்றம் என்று சூப்பர்வைசர் காதில் போட்டுவையுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள், மறுநாள் அவரே வரவேண்டாம் என்பார்.

*எங்க எஸ்டேட்டுல டவரே கிடையாதுங்க. ஆன்லைனா நேரடியான்னு கேக்கறதுக்கு என்ன இருக்கு?*
– வால்பாறை

ஒன்றும் இல்லைதான். சிக்னல் இருக்கிற ஊர்க்காரர்கள் நாங்கள் எங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். 2021 அக்டோபர் கடைசியில் விழுப்புரம் மாவட்டத்தில் முதல்வர் ஸ்டாலின் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், தன்னார்வலர்கள் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் வரை சொல்லித்தருவார்களாம். முதலில் சில மாவட்டங்களில் மட்டும். உங்கள் லயன் வீடுகளில் பன்னிரண்டாவது முடித்த பொண்ணுகள் இருந்தால் இப்போதே சொல்லி வையுங்கள்.

*முதல் நாள் டிபன் பாக்ஸில் என்ன வைக்கலாம்? ரெண்டாவது படிக்கிறாள்.*
– வாசகி, சென்னிமலை

என்ன வேண்டுமானாலும் வையுங்கள், எலுமிச்சை சாதம், தக்காளி சாதம். அதற்கு முன்னால் அந்த டப்பாவை அவள் கையில் கொடுத்து மூடியைத் திறக்கிறாளா என்று ஞாயிற்றுக்கிழமையே பாருங்கள்.