மாமாவின் பழக்கம் மருமகனுக்கும் வருமா?

கேள்வி: என் அண்ணன் இளவயதில் கஞ்சாவுக்கு அடிமையாகி, மறுவாழ்வு நிலையம் சென்று மீண்டவர். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் மகனைப் பார்க்கும் உறவினர்கள், “மாமாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறான்” என்கிறார்கள். அந்தப் பழக்கமும் இரத்தத்தில் வந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.
- வாசகி, ஈசூன்

பதில்: முகச்சாயல் வருவதுபோல் பழக்கம் வருவதில்லை, அம்மா. ஆயினும் உங்கள் அச்சம் அடிப்படையற்றது என்று நான் சொல்லமாட்டேன். இரட்டையர்களை வைத்து நடத்திய ஆய்வுகளைத் தொகுத்து 2010ஆம் ஆண்டில் வெளியான பகுப்பாய்வு, கஞ்சாப் பழக்கம் முற்றிச் சிக்கலாவதில் மரபின் பங்கு ஆண்களிடையே ஏறத்தாழ 51 விழுக்காடு, பெண்களிடையே 59 விழுக்காடு என்று கணித்தது. ஆனால் இந்த எண், மக்களுக்குள் காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவு மரபால் விளைகிறது என்பதைச் சொல்கிறதே தவிர, உங்கள் மகனுக்குப் பாதி ஆபத்து இருப்பதாகச் சொல்லவில்லை. தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் சராசரியாகக் கால்பங்கு மரபுதான் பொது. இதில் பங்குள்ள மரபணுக்கள் பல. ஒவ்வொன்றின் விளைவும் சிறிது. ஆகவே ஒரு பிள்ளை அடிமையாவானா என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்லும் பரிசோதனை எதுவும் கிடையாது.

நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வேறு. முதன்முதலில் புகைத்துப் பார்ப்பதில் வீட்டுச்சூழலுக்குக் கணிசமான பங்கு உண்டு. பழகியபின் விடமுடியாமல் போவதில் அந்தப் பங்கு குறைந்து, மரபின் கை ஓங்குகிறது. தாயாக உங்கள் சொல் அதிகம் எடுபடும் காலம், அவன் தொடாமல் இருக்கும் இந்தக் காலமே. பயன்படுத்துவோரில் பத்தில் ஒருவர் அளவுக்கு அடிமையாகிறார்கள் என்றும், பதின்ம வயதில் தொடங்கியவர்களிடையே அது ஆறில் ஒருவராக உயர்கிறது என்றும் அமெரிக்க ஆய்வுகள் மதிப்பிட்டுள்ளதால், ஒவ்வோர் ஆண்டு தள்ளிப்போவதும் நல்லதே.

உறவினர்களின் அந்தப் பேச்சு அவன் காதில் இனி விழவேண்டாம். ‘நீயும் அப்படித்தான்’ என்று கேட்டு வளரும் பிள்ளை அதை நம்பத் தொடங்கிவிடுகிறான். அதற்காகக் குடும்ப வரலாற்றை மூடி மறைக்கவும் கூடாது. எந்த வயதில் யார் கொடுத்து வாங்கினார், எப்போது கைமீறியது என்பதை உங்கள் அண்ணனே மருமகனிடம் உட்கார்ந்து சொல்லட்டும். நம் அறிவுரையைவிட அது ஆழமாகப் பதியும். கஞ்சாவை 2022இல் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கிய தாய்லாந்துக்கு நண்பர்களுடன் விடுமுறைக்குச் செல்ல அவன் அனுமதி கேட்டால், சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் புகைத்தாலும் இங்கே அது குற்றம்தான் என்பதைப் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.