பனங்காட்டில் இலக்கு காட்டினால் செக்‌ஷன் குழம்புகிறது

என்சிசி பயிற்சியில் நீங்கள் கொடுத்த சுடும் உத்தரவைக் கேட்டு உங்கள் செக்‌ஷனில், அதாவது சிறு படைக்குழுவில், பாதிப் பேர் வேறு பக்கம் குறிபார்த்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் உத்தரவின் வரிசையை மாற்றுங்கள் தம்பி: யார் சுடணும், எவ்வளவு தூரம், எங்கே, எப்படிச் சுடணும். 'சுடு' கடைசியில்தான் வரணும். நீங்கள் எழுதியிருக்கும் உத்தரவில் அதுதான் முதல் வார்த்தை, அதற்கப்புறம் எந்த கேடட் காதுகொடுத்துக் கேட்பான்?

ஆனால் பாதிப் பேர் வேறு பக்கம் குறிபார்த்ததற்குக் காரணம் அநேகமாக "அந்த ஒத்தப் பனைக்கு வலப்பக்கம்" என்றதுதான். திசையன்விளைத் தேரியில், அந்தச் செம்மணல் காட்டில், எது ஒத்தப் பனை! சுடலைமாடன் பீடம், பொத்தை (சிறு குன்று) மாதிரி அங்கே ஒன்றே ஒன்றாக இருப்பதைப் பிடித்து, அதன்மேல் கடிகார முகப்பு இருப்பதாக வைத்துக்கொண்டு "பீடம், நாலு மணி, உடைமரப் புதர்" என்று சொல்லுங்கள்.

அடுத்த என்சிசி பயிற்சியில் இரண்டு ஓரத்திலும் படுத்திருப்பவர்களிடம் இலக்குக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "தெரியுதா?" என்று மட்டும் கேட்டால் எல்லாரும் தெரியுது என்றுதான் சொல்வார்கள்.

ஒன்று, செக்‌ஷன் அகலமாகப் பரந்திருக்கும்போது பீடம் ரொம்பக் கிட்டத்தில் இருந்தால் கடிகார மணி காட்டும் திசை ஆளுக்கு ஆள் மாறும், அதனால் தள்ளியிருப்பதையே எடுங்கள். வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் அடித்தால் இலக்கு உள்ளதைவிடக் கிட்டத்தில் தெரியும், தூரம் சொல்லும்போது அதையும் கணக்கில் வையுங்கள். ஆடிக் காற்றில் குரல் எடுபடாது, கைச்சைகையும் பழகணும்.