ரவுண்டை விற்றுவிட்டு வாருங்கள்

அன்பின் அண்ணா,

மச்சானோடு சனிக்கிழமைகளில் கிளாஸ்கோவில் யன்னல் துடைக்கப் போன கதைகளை நீங்கள் எழுதியபோதே இந்தக் கடிதத்தை எழுத நினைத்தேன். எனக்கும் அதே தொழில்தான். ஈஸ்ட்ஹாமில் வாடகை வீடு, இல்ஃபோர்டில் இருந்து ரொம்ஃபோர்ட் வரை ரவுண்ட், அதாவது ஒழுங்காகப் போய்த் துடைக்கிற வாடிக்கை வீடுகள். பதினொரு வருடமாக ஒரு வான், தண்ணீர் ஏற்றித் துடைக்கிற நீண்ட தடியான ஒரு போல், நான் ஒருவன். வீட்டுக்காரர் வீட்டை விற்கப்போகிறார். இதே வாடகைக்கு லண்டனில் இனி இரண்டு அறை கூடக் கிடைக்காது. கிளாஸ்கோவில் ஒரு நண்பர் இருக்கிறார். வா, சமாளிக்கலாம் என்கிறார்.

நான் நினைத்திருப்பது இதுதான். முதல் ஒரு வருடம் நான் மட்டும் போய் அங்கே ரவுண்ட் பிடிப்பது. லண்டனில் நல்ல அறுபது வீடுகளை மட்டும் வைத்துக்கொண்டு எட்டுக் கிழமைக்கு ஒருமுறை வந்து செய்துவிட்டுப் போவது. வருமானம் நிலைத்த பிறகு குடும்பத்தைக் கூப்பிடுவது. மனைவி பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியையாக இருக்கிறார். மாமி இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகனுக்கு எட்டு வயது.

இது நடக்கிற காரியமா? இன்னொன்றும் கேட்கவேண்டும். அங்கே வெள்ளைக்காரர் என்னைப் போன்ற ஒருவனுக்குக் கதவைத் திறப்பார்களா?

உங்கள் வாசகன்
(பெயர் வேண்டாம்)

*

அன்பின் தம்பி,

கடிதத்தை மச்சானிடமும் வாசித்துக் காட்டினேன். தொழில் விஷயமாக இனி நான் சொல்வதில் பாதி அவருடையது.

முதலில் அந்த அறுபது வீடுகள். விட்டுவிடுங்கள். லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையில் 400 மைல். எட்டுக் கிழமைக்கு ஒருமுறை என்று கடதாசியில் போட்டால் அழகாகத்தான் இருக்கும். நீங்கள் திரும்பிப் போன மறுநாள் ஒரு அம்மா போன் எடுத்து, "பின்பக்க யன்னலில் கோடு கோடாக இருக்கிறது, ஒருக்கால் வந்து பாருங்கள்" என்பார். இன்றைக்கு அது உங்களுக்குப் பத்து நிமிட வேலை. அன்றே பின்னேரம் போய்த் துடைத்துவிட்டு ஒரு தேத்தண்ணியும் குடித்துவிட்டு வருவீர்கள். கிளாஸ்கோவில் இருந்துகொண்டு என்ன செய்வீர்கள்? நீங்கள் லண்டனில் நிற்கிற அந்தக் கிழமையில்தான் கிளாஸ்கோவில் புதிதாக ஒருவர் விலை கேட்டு அழைப்பார், நீங்கள் எம்6 நெடுஞ்சாலையில் இருப்பீர்கள்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. நல்ல அறுபது வீட்டை உருவி எடுத்தபிறகு மிச்ச ரவுண்டை யார் வாங்குவார்? வாங்க வருகிறவர் வீடுகளை எண்ணுவதில்லை, ஒரே தெருவில் எத்தனை வீடு என்றுதான் பார்ப்பார். வானை ஒருமுறை நிறுத்தினால் எட்டு வீடு முடிகிற தெருவுக்கு இருக்கிற மதிப்பு, எட்டு இடத்தில் சிதறிக் கிடக்கிற எட்டு வீட்டுக்கு இல்லை. நீங்கள் வைத்துக்கொள்ள நினைக்கிற அறுபதும் நிச்சயமாக அப்படிப்பட்ட தெருக்களாகத்தான் இருக்கும். விற்பதானால் முழுதாக விற்றுவிடுங்கள்.

விலை பேசுகிற முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். மாத வேலையின் பெறுமதியை எடுத்து, ரவுண்டின் நெருக்கத்தையும் காசு ஒழுங்காக வருகிறதா என்பதையும் பார்த்து, இத்தனை மடங்கு என்று கேட்பார்கள். மச்சான் அழுத்திச் சொன்னது வேறொன்று: ஆட்களின் போன் இலக்கங்களை முன்கூட்டியே தூக்கிக் கொடுக்காதீர்கள். முதல் சுற்றில், வாங்குகிறவரை உங்கள் வானிலேயே ஏற்றிக்கொண்டு போய், "இனி இவர்தான் வருவார்" என்று கதவுக்குக் கதவு அறிமுகப்படுத்துங்கள். அந்தச் சுற்று முடிந்ததும் மிச்சக் காசு என்று எழுத்தில் வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி. டிசம்பரில் விற்காதீர்கள். நத்தார்ச் செலவில் "இந்த மாதம் வேண்டாம்" என்கிற வீடுகள் கூடி, ரவுண்ட் மெலிந்து தெரியும். ஏப்ரல், மே நல்ல காலம். இந்தப் பணம்தான் உங்களுடைய முதல் எட்டு, பத்து மாதச் சாப்பாடு. அதை புது வானில் போட்டுவிடாதீர்கள்.

வான் பற்றிக் கவலை வேண்டாம். 2023 ஓகஸ்டில் லண்டன் முழுக்க வந்த புகைக் கட்டுப்பாட்டுக்குத் தப்பிய வான் என்றால் கிளாஸ்கோவிலும் தப்பிவிடும். இங்கே நகர மையத்துக்கு மட்டும்தான், 2023 ஜூன் 1 முதல். ஒரு வித்தியாசம், காசு கட்டிவிட்டு உள்ளே போகிற வசதி இங்கே கிடையாது. பொருந்தாத வான் நுழைந்தால் நேரே தண்டம்தான்.

இனித் தண்ணீர். இதை வாசித்து நீங்கள் சிரிக்கப்போகிறீர்கள். கிழக்கு லண்டனில் குழாயைத் திறந்து, தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளை அளக்கிற மீற்றரைப் பிடித்தால் முந்நூறு, அதற்கு மேலேயும் காட்டும். கேத்திலின் அடியில் சுண்ணாம்பு ஒரு விரல் தடிப்புக்குப் படிகிற தண்ணீர் அது. அதனால்தான் கண்ணாடி கறையில்லாமல் காய, ரிவேர்ஸ் ஒஸ்மோசிஸ் என்கிற வடிகட்டியைப் பூட்டி, பாதித் தண்ணீரைச் சாக்கடைக்குக் கொடுத்து, மிச்சத்தை உப்பை உறிஞ்சுகிற ரெசின் மணிகள் வழியாக விட்டு பூச்சியத்துக்குக் கொண்டு வருகிறீர்கள். கிளாஸ்கோவுக்குத் தண்ணீர் லொக் கற்றின் ஏரியில் இருந்து வருகிறது. 1859இல் விக்டோரியா மகாராணி திறந்துவைத்த திட்டம். மலையில் பெய்த மழை, கல்லில் பட்டும் படாமலும் ஓடி வந்த தண்ணீர். மச்சானின் குசினிக் குழாயில் மீற்றரைப் பிடித்துப் பார்த்தேன், லண்டன் கணக்கில் பத்தில் ஒரு பங்கு இருக்கலாம். ரெசின் பீப்பா ஒன்றே போதும், அதுவும் லண்டனில் உழைப்பதைப்போலப் பல மடங்கு காலம் உழைக்கும். ஒஸ்மோசிஸ் சாமானை அங்கேயே விற்றுவிடுங்கள், இங்கே கொண்டுவந்தால் வாங்க ஆள் தேடவேண்டும்.

ஆனால் போல் புதிதாக வாங்கவேண்டி வரும். உங்கள் ரவுண்ட் இரண்டு மாடி வரிசை வீடுகள். கிளாஸ்கோவின் பழைய ரெனமென்ட் கட்டடங்களை நேரில் பார்த்திருக்கிறீர்களா? மணற்கல்லில் நாலு தட்டு, ஒவ்வொரு தட்டும் உயரமான கூரை. கடைசித் தட்டு யன்னலின் மேல் விளிம்பைத் தொட 45 அடிப் போல் வேண்டும். காபன் போல்தான் தாங்கும், விலையும் அப்படி. அதன் நுனியில் தூரிகை ஆடுகிற ஆட்டத்தைத் தோள்தான் பிடிக்கவேண்டும். இரண்டு மாடிக்குப் பழகிய தோள் முதல் மாதம் முறுமுறுக்கும். காபனில் மின்சாரம் பாயும் என்பதையும் மறக்கவேண்டாம், மேலே கம்பி போகிற இடத்தில் தூக்கவே கூடாது.

நல்ல பக்கமும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறது. ஒரு பொதுப் படிக்கட்டைச் சுற்றி ஆறு, எட்டு வீடுகள். படிக்கட்டை இங்கே குளோஸ் என்பார்கள். ஒருமுறை ஹோசை இழுத்தால் எட்டு வீட்டு யன்னலும் ஒரே இடத்தில் நின்றபடி முடியும். முதல் வீட்டைப் பிடிப்பதுதான் பாடு, மற்றவர்கள் படியில் கதைத்துக்கொள்வார்கள். பின்பக்க முற்றத்துக்குக் கதவுத் திறப்பு யாரிடம் என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். திறப்பு இல்லாமல் பின் யன்னலுக்கு விலை சொல்லாதீர்கள்.

இனி உரிமம். இங்கிலாந்தில் யன்னல் துடைக்க யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஸ்கொட்லாந்தில் 1982ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, யன்னல் துடைப்பவர்களுக்கு உரிமம் வேண்டும் என்று கேட்கிற அதிகாரத்தைக் கவுன்சில்களுக்குக் கொடுத்திருக்கிறது. கிளாஸ்கோ கேட்கிறது. விண்ணப்பம் பொலிசாரின் பார்வைக்கும் போகும், மாதக்கணக்கில் இழுபடலாம். உரிமம் இல்லாமல் வேலை செய்வது குற்றம். பக்கத்துக் கவுன்சிலுக்குள் ரவுண்ட் நீண்டால் அங்கே என்ன விதி என்று தனியாகக் கேட்கவேண்டும். குடிவந்த பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். எந்தப் பகுதி என்று முடிவான அன்றே அந்தக் கவுன்சிலுக்குப் போன் எடுத்து, வெளியூரில் இருந்துகொண்டே விண்ணப்பிக்க முடியுமா என்று கேளுங்கள்.

கதவைத் திறப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். திறப்பார்கள். சிலர் திறக்கமாட்டார்கள், ரொம்ஃபோர்டிலும் சிலர் திறந்திருக்கமாட்டார்கள். உங்களுக்கு முதலில் இடறப்போவது தோல் அல்ல, காது. கிளாஸ்கோக்காரர் வேகமாகக் கதைத்தால் லண்டன் வெள்ளைக்காரருக்கே பாதிதான் புரியும். வெட்கப்படாமல் திருப்பிக் கேளுங்கள், அவர்கள் அதைக் குறையாக எடுப்பதில்லை. உரிமம் கிடைத்ததும் அதைக் கழுத்தில் தொங்கப்போட்டுக்கொண்டு, வானில் பெயர் எழுதி, மாலை ஆறு மணிக்குப் பிறகு கதவு தட்டுங்கள். துண்டுப்பிரசுரம் ஆயிரம் போட்டாலும், நேரில் தட்டிய கதவுதான் வாடிக்கையாகிறது என்பது மச்சானின் கட்சி. இங்கே பெய்கிற மழைக்கு யார் யன்னல் துடைப்பார்கள் என்று உங்கள் நண்பர்கள் பகிடி பண்ணுவார்கள். லண்டனைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு மழை பெய்கிற ஊர்தான் இது. சுத்தத் தண்ணீரால் கழுவிய கண்ணாடியில் மழை பட்டால் ஒன்றும் ஆகாது என்று உங்களுக்குத் தெரியும், வீட்டுக்காரருக்குத் தெரியாது. மழையில் செய்த வேலை பிடிக்காவிட்டால் திரும்ப வந்து சும்மா செய்துதருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். கூப்பிடுகிறவர்கள் மிகக் குறைவு.

பனி உறையும் காலம் வேறு கதை. இரவில் வானுக்குள் பம்பும் ரெசின் பீப்பாவும் உறைந்து வெடித்தால் ஒரு கிழமை வேலை போச்சு. உள்ளே சின்ன ஹீற்றர் ஒன்று, இல்லாவிட்டால் தினமும் தண்ணீரை வடித்துவிடவேண்டும். நடைபாதையில் நீங்கள் விட்ட தண்ணீர் உறைந்து யாராவது விழுந்தால் பொறுப்பு உங்களுடையது. ஒரு வாளி உப்பு வானில் எப்போதும் இருக்கட்டும்.

சரி, இனிக் குடும்பம். உங்கள் கடிதத்தில் மனைவி ஒரே ஒரு வசனத்தில் வந்து போகிறார். அவருக்கு விருப்பமா என்று எங்கேயும் இல்லை. நீங்கள் ஒரு வருடம் தனியே போனால் லண்டனில் வேலை, இரண்டு பிள்ளைகள், வீடு காலி செய்வது, மாமி என்று முழுப் பாரமும் அவர் தலையில். நீங்கள் கிளாஸ்கோவில் ஒரு அறையில் பாண் சாப்பிட்டுக்கொண்டு கஷ்டப்படுவதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். தனியே வருவதானால் சில கிழமைகள் வாருங்கள், கதவு தட்டிப் பார்க்க. ஒரு வருடம் வேண்டாம்.

இடம்பெயரும் திகதியைத் தொழில் தீர்மானிக்கக்கூடாது, மகளின் வகுப்புத்தான் தீர்மானிக்கவேண்டும். ரவுண்டை எந்த வருடத்திலும் பிடிக்கலாம். ஒன்பதாம் வகுப்பு முடிகிற கோடையில் வந்தால் இங்கே இடைநிலைப் பள்ளியின் மூன்றாம் வருடத்தில் சேர்வாள், பாடத் தெரிவும் சோதனையும் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்தே நடக்கும். அந்தக் கோடையைத் தவறவிட்டால் பதினொராம் வகுப்பு முடிவில் வருகிற ஜிசிஎஸ்ஈ சோதனை எழுதி முடியும்வரை லண்டனிலேயே இருங்கள். பிறகு வந்து நேரே ஐந்தாம் வருடத்தில், இங்கே பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதுகிற ஹையர் சோதனைக்குப் படிக்கலாம். பத்தாம் வகுப்பு நடுவில் கிளப்பிக்கொண்டு வருவதுதான் கூடவே கூடாது. இரண்டு நாட்டுப் பாடத்திட்டமும் வேறு, அவள் படித்த ஒரு வருடம் வீண். இங்கே பள்ளிக்கூடம் ஓகஸ்ட் நடுவில் தொடங்கிவிடும். லண்டனில் ஜூலை கடைசியில்தான் விடுமுறை. இடையில் கிடைப்பது மூன்று கிழமை, வீடு முன்பே பார்த்திருக்கவேண்டும்.

வீடு விஷயத்தில் ஒரு ஆறுதல். 2017 டிசம்பருக்குப் பிறகு இங்கே தனியார் வாடகை ஒப்பந்தங்களுக்கு முடிவுத் திகதி இல்லை, முற்பணமும் இரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்கமுடியாது. ஆனால் சொந்தத் தொழில்காரர் என்றதும் கணக்குப் புத்தகம் கேட்பார்கள். லண்டன் ரவுண்டை விற்குமுன் கடைசி இரண்டு வருட வரிக் கணக்கைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வரி இங்கே கொஞ்சம் கூட. 2025-26இல் 43,662 பவுணைத் தாண்டினால் அதற்கு மேற்பட்ட தொகைக்கு 42 வீதம். அங்கே 50,270 வரை அந்தக் கவலை இல்லை. முதல் வருடத்தில் நீங்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டீர்கள். மறுபக்கம், இங்கே வழமையாக வசிக்கும் குடும்பத்துப் பிள்ளையின் முதல் பட்டப்படிப்புக் கட்டணத்தை ஸ்கொட்லாந்து அரசு கட்டுகிறது. இங்கிலாந்தில் 2025-26இல் அது வருடத்துக்கு 9,535 பவுண் வரை இருந்தது. படிப்புக்காக மட்டும் கடைசி நேரத்தில் குடிபெயர்ந்தால் அது எடுபடாது. அதனால் வருவதானால் வேளைக்கே வாருங்கள்.

மாமியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதை அவருடைய மகள்தான் சொல்லவேண்டும்.

ஊரைப் பார்க்க நாலு பேருமாக ஒருமுறை வாருங்கள், ஆனால் ஜூனில் வேண்டாம். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், எல்லாருக்கும் பிடித்துவிடும். டிசம்பரில் எட்டரை தாண்டித்தான் விடியும், நாலு மணிக்கு முன் இருட்டிவிடும். அந்தக் காலத்தில் ஒரு நீண்ட வார இறுதியில் வந்தால் மச்சானின் வானில் உங்களை ஏற்றிவிடுகிறேன். மற்றவர்களை நான் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடங்களையும் தமிழ்க் கடையையும் காட்டுகிறேன்.

அன்புடன்.